ஏஐக்குப் பாடம் சொல்லும்போது நாம் செய்யும் தவறுகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கணக்கு எழுதிக் கொடுக்கும் தம்பி ஒருவர் கோபமாக அழைத்தார். மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,500 வெள்ளி (ரிங்கிட்) என்று அவருடைய ஏஐ சொல்லியிருக்கிறது. 2025 ஆகஸ்ட் முதல் எல்லா முதலாளிகளுக்கும் 1,700 வெள்ளி என்று இவர் திருத்தியதும் மன்னிப்புக் கேட்டு ஏற்றுக்கொண்டதாம். மறுநாள் புதிதாகப் பேச ஆரம்பித்தால் மறுபடியும் 1,500. "எத்தனை தடவைண்ணே சொல்றது?"

ஒருமுறை திருத்தினால் ஏஐ கற்றுக்கொண்டுவிடும் என்று நினைப்பது நம்மில் பெரும்பாலோர் செய்யும் தவறு. இந்த ஏஐக்குள் இயங்கும் மொழி மாடலின் அறிவு கோடிக்கணக்கான எண்களில் இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் அந்த எண்கள் உறைந்துவிடும். நாம் திருத்திச் சொல்வது அந்த உரையாடலுக்குள் மட்டுமே நிற்கும். சில செயலிகளில் உள்ள 'நினைவு' வசதியும் குறிப்பு எழுதி வைத்து அடுத்த முறை முன்னால் நீட்டுவதுதான், எண்கள் மாறுவதில்லை. நம் பேச்சை நிறுவனம் அடுத்த பயிற்சிக்கு எடுத்தாலும், ஒருவர் சொன்ன திருத்தம் அதில் பதியும் என்பதற்கு உறுதி இல்லை.

"அப்போ ஃபைன்-டியூனிங் செய்துவிடலாமா?" என்றார். நம் தரவைக் கொடுத்து மாடலுக்குக் கூடுதல் பயிற்சி தருவதைத்தான் அப்படிச் சொல்கிறார். அவசரப்பட வேண்டாம். எழுதும் தொனியையும் பதிலின் வடிவத்தையும் பழக்க அது நல்ல வழி. சம்பளம், வரி, விலை போல மாறிக்கொண்டே இருப்பதை ஆவணமாக வைத்து, கேள்வி வரும்போது தேடி எடுத்துக் கொடுப்பதே மேல். விகிதம் மாறினால் ஒரு பக்கத்தை மாற்றினால் போதும்.

ஃபைன்-டியூனிங் செய்தே ஆகவேண்டும் என்றால், புதிய பாடத்தை மட்டும் ஊட்டாதீர்கள். 1989இல் மெக்லாஸ்கி, கோஹன் என்ற ஆய்வாளர்கள் ஒரு நரம்பு வலையமைப்புக்கு (இன்றைய மாடல்களின் முன்னோடி) முதலில் ஒன்றைக் கூட்டும் கணக்குகளையும் பிறகு இரண்டைக் கூட்டும் கணக்குகளையும் கற்பித்தார்கள். இரண்டாவது ஏற ஏற முதலாவது அழிந்துபோனது. இன்றைய மாடல்களுக்கும் இந்த மறதி உண்டு. அதனால் பழைய வகைத் தரவையும் கலந்து கொடுங்கள். 2021இல் வந்த லோரா முறையில் மூல எண்களைத் தொடாமல் சிறு இணைப்பு மட்டும் பயிற்சி பெறும், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். எதைச் செய்தாலும், முன்பு சரியாகப் பதில் சொன்ன இருபது கேள்விகளை எழுதி வைத்து, பயிற்சிக்குப் பின் மறுபடி கேட்டுப் பாருங்கள்.

தரவு போதவில்லை என்று ஏஐ எழுதியதையே அதற்குத் திரும்ப ஊட்டுவது எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. தலைமுறை தலைமுறையாக இப்படிச் செய்தால் அரிதானவை முதலில் மறையும் என்று 2024இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. சாப்பிட்டீங்களா என்று நலம் கேட்கும் நம் மலேசியத் தமிழின் "பசியாறிட்டீங்களா?" அப்படி மறையக்கூடிய சொல். அதைத் தினமும் பேசுகிறவர்களை உட்காரவைத்து எழுதி வாங்குங்கள், நூறு வரியானாலும் சரி.