கிரிப்டோவில் கள்ளக் காசு உண்டா? வாங்குகிறவர் சரிபார்க்கும் முறை

கேரள எல்லையோரம் வாளையாறு, கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் லாட்டரிக் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி தடையான பிறகு, கேரளச் சீட்டுக்காக எல்லை தாண்டி வருகிற கூட்டம் அதிகம். கூட்டத்தோடு கூட்டமாக ஒருத்தர், பரிசு விழாத சீட்டில் 3-ஐ 8 ஆக்கி, "ஆயிரம் ரூபா விழுந்திருக்கு சேட்டா" என்று நீட்டுவார். முடிவுப் பட்டியல் அப்படியே சுத்தமாக இருக்கும். கள்ளம் கையிலிருக்கும் தாளில். விவரமான கடைக்காரர் தாளை நம்பமாட்டார், பார்கோடை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுத்தான் கல்லாவைத் திறப்பார்.

கிரிப்டோவிலும் அதே கதைதான். பிட்காயினின் கணக்கேடு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரி இருக்கிறது. இல்லாத காசை ஒருவர் தன் கணினியில் எழுதிக்கொண்டால் மற்றவை ஏற்காது. ஒரே ஒரு தடவை ஓட்டை விழுந்தது. 2010 ஆகஸ்ட் 15 அன்று, கணக்கேட்டின் 74,638-ஆவது பிளாக்கில் (பிளாக் என்றால் கணக்கேட்டின் ஒரு பக்கம் மாதிரி), மென்பொருளின் கூட்டல் பிழையால் 18,400 கோடிக்கும் மேல் பிட்காயின் முளைத்தது. மொத்தமே 2.1 கோடிதான் இருக்க முடியும் என்பது விதி. சில மணி நேரத்தில் திருத்திய மென்பொருள் வந்தது, அந்த பிளாக்கை எல்லோரும் ஒதுக்கினார்கள், முளைத்த காசும் போயிற்று.

சின்ன நாணயங்களில் வேறு வகை ஆபத்து உண்டு. கணக்கேட்டை எழுதும் கணினி பலத்தில் பாதிக்கு மேல் ஒருவர் கைக்குப் போனால், கொடுத்த காசைத் திரும்ப எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கலாம். பிட்காயின் கோல்டில் 2018 மே மாதமும், எத்தேரியம் கிளாசிக்கில் 2019 ஜனவரியிலும் 2020 ஆகஸ்ட்டிலும் இது நடந்தது. ஆனால் கொழிஞ்சாம்பாறையில் தேங்காய் மண்டி வைத்திருப்பவரிடம் 500 யூஎஸ்டிடி (ஒன்று ஒரு டாலர் என்று மதிப்புக் கட்டிய கிரிப்டோ நாணயம்) விற்க வருகிறவர் இவ்வளவு மெனக்கெடமாட்டார். அவர் திருத்துவது சீட்டை மட்டும்தான். அதைப் பிடிக்கும் வழி கீழே.

படி 1: எந்தச் செயின் என்று முதலில் கேளுங்கள்

செயின் என்பது நாணயம் ஓடும் கணக்கேடு. யூஎஸ்டிடி என்ற ஒரே பெயரில் ட்ரானிலும் எத்தேரியத்திலும் வேறு பல செயின்களிலும் நாணயம் ஓடுகிறது. ட்ரான் முகவரி ஆங்கில டி எழுத்தில் தொடங்கும், மொத்தம் 34 எழுத்து. எத்தேரியம் முகவரி 0எக்ஸ் என்று தொடங்கும், மொத்தம் 42. கணக்கேட்டைக் காட்டும் தளத்துக்கு எக்ஸ்ப்ளோரர் என்று பெயர்: ட்ரானைப் பார்க்க ட்ரான்ஸ்கேன், எத்தேரியத்துக்கு ஈதர்ஸ்கேன், பிட்காயினுக்கு மெம்பூல் டாட் ஸ்பேஸ். இவற்றைப் போனில் புக்மார்க் செய்து வையுங்கள். விற்க வருபவர் அனுப்பும் லிங்க்கில் ஒருபோதும் பார்க்காதீர்கள். அசலைப் போலவே போலித் தளம் கட்டுவது அரை நாள் வேலை.

படி 2: பெயரை விட்டுவிடுங்கள், கான்ட்ராக்ட் முகவரியைப் பாருங்கள்

பெரும்பாலோர் விழுவது இங்கேதான். ட்ரானிலோ எத்தேரியத்திலோ யார் வேண்டுமானாலும் பத்து நிமிடத்தில் ஒரு டோக்கன், அதாவது அந்தச் செயின்மேல் ஓடும் நாணயம், உருவாக்கலாம். அதற்கு "டெதர் யூஎஸ்டி" என்று பெயர் வைக்கலாம், யூஎஸ்டிடி என்று குறியீடு கொடுக்கலாம், அதே பச்சை வட்டப் படத்தையும் ஒட்டலாம். செயின் தடுக்காது, ஏனென்றால் பெயர் ஒருவருக்கே சொந்தம் என்ற விதியே அங்கே இல்லை. ஊரில் நாலு முருகேசன் இருக்கலாம். ஆதார் எண் ஆளுக்கு ஒன்றுதான். டோக்கனின் ஆதார் எண் அதன் கான்ட்ராக்ட் (அதை இயக்கும் நிரல்) முகவரி.

செய்ய வேண்டியது: யூஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போய், உங்கள் செயினுக்கான கான்ட்ராக்ட் முகவரியை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ட்ரானில் அது டிஆர்7 என்று தொடங்கும். பிறகு வாலட்டில் (நாணயத்தை வைத்திருக்கும் செயலி) வந்திருக்கும் டோக்கனைத் தொட்டு, அதன் கான்ட்ராக்ட் முகவரியை நகலெடுத்து, இரண்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து முழுதாக ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து பிசகினாலும் அது வேறு டோக்கன், அதற்கு மதிப்பு பூஜ்யம். வாலட் "500 டாலர்" என்று காட்டுகிறதே என்று கேட்கலாம். சில வாலட்டுகள் குறியீட்டை வைத்தே விலையைப் போட்டுவிடும். அதை ஆதாரமாக எடுக்கக் கூடாது.

நாம் கேட்காமலே வாலட்டில் வந்து விழும் டோக்கனும் இந்த வகைதான். அதைத் தொடாதீர்கள், அதன் பெயரில் இருக்கும் தளத்துக்கும் போகாதீர்கள்.

படி 3: ஸ்கிரீன்ஷாட்டுக்கு மதிப்பில்லை, உறுதியாகும்வரை காத்திருங்கள்

"அண்ணா, அனுப்பிட்டேன், பாருங்க" என்று படம் வரும். அனுப்பியவரிடம் பரிவர்த்தனை எண்ணைக் கேளுங்கள். ட்ரானில் அது 64 எழுத்து. நீங்கள் புக்மார்க் செய்த தளத்தில் அதைப் போட்டு நான்கு விஷயம் பாருங்கள்: பெறுபவர் முகவரி உங்களுடையதா, கான்ட்ராக்ட் சரியா, தொகை சரியா, வெற்றி என்று முடிந்து உறுதியாகியிருக்கிறதா.

ட்ரானில் 3 நொடிக்கு ஒரு பிளாக். 19 பிளாக் ஆனால் உறுதி, அதாவது ஏறத்தாழ ஒரு நிமிடம். பிட்காயினில் சராசரி 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக். பெரிய தொகைக்கு 6 பிளாக், ஒரு மணி நேரம். ஒரு பிளாக்கில்கூட ஏறாத பிட்காயின் பரிவர்த்தனையை, அனுப்பியவரே கூடுதல் கட்டணம் கட்டி வேறு முகவரிக்குத் திருப்ப முடியும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் காசு காணாமல் போகும் வித்தை இதுதான்.

"ஃப்ளாஷ் யூஎஸ்டிடி" என்று டெலிகிராமில் விற்கிறார்கள்: 90 நாள் வாலட்டில் இருக்கும், பிறகு மறையும் என்று. அசல் யூஎஸ்டிடி அப்படி மறையாது. வருவது போலி கான்ட்ராக்ட் டோக்கனாக இருக்கும், அல்லது அந்த மென்பொருளுக்குக் காசு கட்டியவர்தான் ஏமாந்தவர். இரண்டாவது வகையே அதிகம் என்று தோன்றுகிறது. மற்றவரை ஏமாற்றக் கருவி வாங்கியவர் போலீசுக்குப் போகமாட்டார் அல்லவா?

படி 4: கொஞ்சம் விற்றுப் பாருங்கள்

பழக்கமில்லாத டோக்கனை வாங்கினால், 200 ரூபாய் அளவுக்கு வாங்கி, உடனே திருப்பி விற்றுப் பாருங்கள். வாங்க மட்டும் அனுமதித்து, விற்பதைத் தடுக்கும்படி எழுதிய கான்ட்ராக்ட்டுகள் உண்டு. எலிப்பொறி மாதிரி, உள்ளே போகும் வழி மட்டும். விலை ஏறிக்கொண்டே போவதாகக் காட்டும், ஏனென்றால் யாராலும் விற்க முடியவில்லை. முதல் விற்பனை நடந்தாலும் நிம்மதி வேண்டாம். பிறகு தடுப்பைப் போடும் அதிகாரத்தை உருவாக்கியவர் கையில் வைத்திருக்கக்கூடும்.

படி 5: பழைய வரலாற்றிலிருந்து முகவரியை நகலெடுக்காதீர்கள்

துபாயில் இருக்கும் மச்சானுக்கு நீங்கள் அடிக்கடி அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். மோசடிக்காரர் அந்த முகவரியின் முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் ஒத்துப்போகும் இன்னொரு முகவரியை உருவாக்கி, அதிலிருந்து பூஜ்யமோ சில்லறையோ அனுப்புவார். உங்கள் வரலாற்றில் அது மேலே வந்து உட்காரும். அடுத்த முறை அவசரத்தில் அதை நகலெடுத்தால் பணம் அவருக்கு. எழுத்துப் பிழை விழுந்த முகவரியைப் பெரும்பாலும் வாலட்டே ஏற்காமல் எச்சரிக்கும்; இதுவோ பிழையில்லாத முகவரி, ஆகவே எந்த எச்சரிக்கையும் வராது. 2024 மே மாதத்தில் இப்படி ஒரே பரிவர்த்தனையில் 1,155 டபிள்யூபிடிசி (பிட்காயின் மதிப்பில் எத்தேரியத்தில் ஓடும் டோக்கன்) தவறான முகவரிக்குப் போனது. முகவரியை வாலட்டின் முகவரிப் புத்தகத்தில் சேமியுங்கள், நடு எழுத்துகளையும் சேர்த்துப் பாருங்கள்.

தூண்டில் வாலட்

யாரோ ஒருவர் விவரம் தெரியாதவர் போல, தன் வாலட்டைத் திறக்கும் சாவியான 12 மீட்புச் சொற்களைப் பொதுவில் போட்டு "இதில் இருக்கும் யூஎஸ்டிடியை எப்படி எடுப்பது?" என்று கேட்பார். திறந்தால் உள்ளே அசல் காசே இருக்கும். வெளியே எடுக்கக் கட்டணமாக ட்ரானின் சொந்த நாணயமான டிஆர்எக்ஸ் வேண்டும், அது இருக்காது. நாம் 300 ரூபாய்க்கு டிஆர்எக்ஸ் போடுவோம். வாலட்டின் கையெழுத்து உரிமை வேறொரு சாவிக்கு மாற்றப்பட்டிருப்பதால், நம்மால் எதையும் நகர்த்த முடியாது, போட்டது அவருக்கு. அடுத்தவர் பணத்துக்குக் கை நீட்டுபவரைப் பிடிக்கவே போட்ட தூண்டில் இது.

உங்கள் மீட்புச் சொற்களை எவர் கேட்டாலும், வாலட் நிறுவனத்தின் பெயரில் கேட்டாலும், கொடுக்காதீர்கள்.

கணக்கேடே இல்லாத நாணயம்

கூட்டம் போட்டு, ஆள் சேர்த்தால் கமிஷன் என்று விற்கும் நாணயத்திடம் ஒரே கேள்வி போதும்: இதை எந்த எக்ஸ்ப்ளோரரில் பார்க்கலாம்? 2014-இல் தொடங்கிய ஒன்காயின் உலகம் முழுக்க விற்றது, ஆனால் அதற்குப் பொதுக் கணக்கேடே கிடையாது. நாணயத்தின் எண்ணிக்கை நிறுவனத்தின் திரையில் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. அதை நடத்திய ருஜா இக்னாட்டோவா 2022-இல் அமெரிக்க எஃப்பிஐயின் முதல் பத்துத் தேடப்படுவோர் பட்டியலில் ஏறினார்.

ரூபாய்ப் பக்கம்

கிரிப்டோவைச் சரிபார்த்துவிட்டு ரூபாயில் கோட்டை விடுபவர்களும் உண்டு. நீங்கள் விற்கும்போது, யூபிஐ படத்தைப் பார்த்து நாணயத்தை விடாதீர்கள். வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பாருங்கள். பேசியவர் பெயரும் பணம் வந்த கணக்கின் பெயரும் ஒன்றா என்றும் பாருங்கள். மூன்றாம் ஆளின் கணக்கிலிருந்து வந்தால், அது வேறெங்கோ திருடிய பணமாக இருக்கலாம். புகார் எழுந்தால் முடங்குவது உங்கள் கணக்கு. தெரியாத ஆளிடம் வாங்கி விற்பதைவிட, மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவான எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோவை வாங்கி விற்கும் தளம்) மேல்.

ஏமாந்துவிட்டால்

உடனே 1930-க்கு அழையுங்கள், தேசிய சைபர் குற்றத் தளத்திலும் பதியுங்கள். வங்கியில் போன ரூபாயை முடக்க முதல் சில மணி நேரம்தான் வாய்ப்பு. பரிவர்த்தனை எண், இரு முகவரிகள், அரட்டைப் படங்கள், யூபிஐ எண் எல்லாம் தயாராக வையுங்கள். வேலந்தாவளத்தில் வீடு, கோவையில் வங்கிக் கணக்கு என்பவரை "அந்த மாநிலத்தில் கொடுங்கள்" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பினால், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவைச் சொல்லுங்கள். பிடியாணையின்றிக் கைதுசெய்யக்கூடிய குற்றமானால், அது எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். அவர்கள் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும்.