முன் டிஃபரன்ஷியல் ஆடுது, ஒழுகுது: சீல் வாங்கப் போகும் முன் பார்க்க வேண்டியவை

வண்டி நிறுத்திய இடத்தில் முன் சக்கரங்களுக்கு நடுவே, அவற்றுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலுக்குக் கீழே, கறுப்பாக எண்ணெய்ச் சொட்டு, ஃபோர் வீல் போட்டுக் கிளட்சை விட்டதும் கீழே ‘டொக்’ என்று ஒரு சத்தம். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் பட்டறையில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் “சீல் போச்சு சார், மாத்திடலாம்” என்பதுதான். எண்ணெயை உள்ளே அடைத்து நிறுத்தும் ரப்பர் வளையம்தான் சீல். மாற்றியும் விடுவார்கள், கொஞ்ச நாளில் மறுபடியும் ஒழுகும். ஆட்டம் எங்கே என்று பார்க்காமல் சீல் மட்டும் போட்டால் அப்படித்தான் ஆகும். பினியனோ (சுழற்சியை உள்ளே கொண்டுவரும் பல்தண்டு) ஆக்ஸிலோ (சக்கரத்துக்குப் போகும் தண்டு) மையம் விட்டு ஆடிக்கொண்டிருந்தால், புது சீலின் உதட்டையும் அது ஒரு பக்கமாகவே தேய்த்துத் தின்னும்.

முதலில் அது கிரவுன் ஆயில்தானா (டிஃபரன்ஷியலுக்குள் ஊற்றும் கியர் ஆயில்) என்று உறுதி செய்யுங்கள். இன்ஜின் ஆயில் மேலிருந்து வழிந்து காற்றில் பின்னால் வந்து டிஃபரன்ஷியல் மேல் படிவது சகஜம். விரலில் தொட்டு மோந்து பாருங்கள். கிரவுன் ஆயிலுக்குக் கந்தக வாடை இருக்கும், ஒரு தடவை மூக்கில் ஏறினால் மறக்காது. பிறகு டீசலும் பிரஷ்ஷும் வைத்து மொத்தத்தையும் கழுவிக் காயவிட்டு, மேலே முகப் பவுடரைத் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் வெள்ளைப் பவுடரில் எண்ணெய் எங்கிருந்து கிளம்புகிறது என்று கோடு போட்டது போலத் தெரியும். பினியன் சீலா, பக்கத்து ஆக்ஸில் சீலா, மூடியின் கேஸ்கட்டா, பிரீதரா (டிஃபரன்ஷியல் மூச்சு விடும் சிறு மூடி) என்பது அங்கேயே முடிவாகிவிடும். மாருதி ஜிப்சி மாதிரி முழு ஆக்ஸில் வண்டி (இரு முன் சக்கரங்களையும் ஒரே இரும்புக் குழாய் இணைக்கும் வண்டி) என்றால் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உருண்டையையும் பாருங்கள். அங்கே கிரீஸும் ஆயிலும் குழம்பாகக் கலந்து வழிந்தால் உள் ஆக்ஸில் சீல் போயிருக்கிறது, கிரவுனில் ஆயில் குறைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பிரீதரைக் கழற்றி ஊதிப் பாருங்கள். இது காசு செலவில்லாத வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை. சேறு அடைத்திருந்தால் ஓட ஓட உள்ளே சூடேறி அழுத்தம் கூடும், நல்ல சீல் வழியாகவே எண்ணெயைத் தள்ளும். அதே வண்டி ஓடையில் இறங்கும்போது சூடான ஹவுசிங் சட்டென்று குளிர்ந்து, சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். தண்ணீரில் இறங்குகிற வண்டி என்றால் பிரீதருக்கு ஒரு டியூப் போட்டு இன்ஜின் அறைக்குள் உயரமாக ஏற்றிக் கட்டிவிடுங்கள்.

இப்போது ஆட்டம். மஹிந்திரா தார் ஜீப் போல முன்பக்கம் இண்டிபெண்டண்ட் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு) இருக்கும் வண்டிகளில் டிஃபரன்ஷியல் சட்டத்தில் போல்ட்டில் தொங்குகிறது. ஃபோர் லோவில் (ஃபோர் வீலின் குறைவேக, அதிக இழுவைக் கியர்) பாறை ஏறும்போதும், அதைவிட ரிவர்ஸில் மேடேறும்போதும், அதன் மூக்கு, அதாவது பினியன் இருக்கும் பக்கம், மேலோ கீழோ முறுக்கிக்கொள்ளப் பார்க்கும், அந்த அடி முழுதும் போல்ட், புஷ் மேல்தான். சமதளத்தில் நிறுத்தி, ஃபோர் லோ போட்டு, ஒருவர் பிரேக்கை அழுத்தியபடி கிளட்சைக் கொஞ்சமாக விட, இன்னொருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்க்கட்டும். வண்டிக்கு அடியில் யாரும் படுக்க வேண்டாம். மூக்கு துள்ளினால் கோளாறு மவுண்டில்தான், அதாவது போல்ட்டும் புஷ்ஷும் சேர்ந்த அந்தப் பிடிமானத்தில்தான். இன்ஜினை அணைத்தபின் போல்ட் தலையைச் சுற்றிப் பாருங்கள்: வாஷரின் ஓரத்தில் துருப்பொடி வளையமும், பெயின்ட் தேய்ந்து பளபளப்பான இரும்பும் தெரிந்தால் அந்த போல்ட் ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருக்கிறது.

அதை அப்படியே முறுக்கிவிட்டு வருவதில் பயன் இல்லை. கழற்றுங்கள். கழுத்தில் தேய்மானமோ மரையில் இழுப்போ இருந்தால் குப்பையில் போட்டு, பழைய போல்ட் தலையில் இருந்த அதே கிரேடு, பெரும்பாலும் 10.9, புதிதாக வாங்குங்கள். மரையைத் துடைத்து லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) விட்டு, மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சில் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்க வேண்டும். பிராக்கெட் ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தால் லேத்தில் ஸ்லீவ் போடவோ தடித்த வாஷர் வெல்டிங் செய்யவோ கொடுங்கள், போல்ட்டை மட்டும் மாற்றினால் நிற்காது.

மவுண்ட் உறுதியாக இருந்தும் ‘டொக்’ வந்தால், முன் ஜாயிண்ட் ஷாஃப்ட்டைக் (கியர் பெட்டிப் பக்கத்திலிருந்து சுழற்சியைக் கொண்டுவரும் நீளத் தண்டு) கழற்றிவிட்டு, அது வந்து மாட்டும் பினியன் பிளேஞ்சைக் கையால் மேலும் கீழும் அசையுங்கள். சுற்றும்போது கொஞ்சம் பிளே (பற்களுக்கிடையே தளர்வு) இருப்பது இயல்பு, மேலும் கீழும் துளிகூட இருக்கக் கூடாது. இருந்தால் பினியன் பேரிங் போயிருக்கும், அல்லது நட்டு தளர்ந்திருக்கும். இங்கேதான் பலர் ஏர் கன்னை எடுத்து நட்டை ‘டர்ர்’ என்று முறுக்கி விடுகிறார்கள், செய்யாதீர்கள். பல டிஃபரன்ஷியல்களில் உள்ளே நசுங்கும் ஸ்லீவ் ஒன்று இருக்கிறது, அளவுக்கு மீறி நசுங்கினால் பேரிங் இறுகிச் சூடேறிச் சாகும். பேரிங், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு), கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்துக்கும் பினியனுக்கும் இடையே உள்ள பிளே எல்லாம் டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் முள் மீட்டர்) வைத்திருக்கும் ஆளின் வேலை. பட்டறையில் டயல் கேஜ் இருக்கிறதா என்று கேளுங்கள், “கையிலேயே தெரியும் சார்” என்றால் வண்டியைத் திருப்புங்கள்.

ஆயில் இறக்கும்போது முதலில் ஊற்றும் பிளக்கைத் திறந்து பாருங்கள். அது துருவில் பிடித்துக்கொண்டு திறக்காமல், நீங்கள் அடிப் பிளக்கைத் திறந்து எல்லாவற்றையும் வடித்துவிட்டால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். பிளக்கின் காந்தத்தில் மை போன்ற கருஞ்சாந்து இருந்தால் கவலை இல்லை, செதில் செதிலாக இரும்பு வந்தால் பிரிக்க வேண்டும். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

சீல் மாற்றும்போது கவனம் முழுதும் பிளேஞ்சில் இருக்கட்டும். சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது சீலும் ஒழுகும். ஸ்லீவ் போடுங்கள், அல்லது பிளேஞ்சை மாற்றுங்கள். நட்டைக் கழற்றும் முன் நட்டு, பினியன் முனை, பிளேஞ்சு மூன்றிலும் பஞ்ச் அடையாளம் வைத்து அதே இடத்துக்குத் திரும்ப வாருங்கள். சீல் உதட்டில் கிரீஸ் தடவி, ஸ்பிரிங் பக்கம் உள்ளே இருக்கும்படி, அதே விட்டமுள்ள குழாயை வைத்து நேராகத் தட்டி இறக்குங்கள். ஆக்ஸில் சீல் என்றால் ஸ்பிளைன் பல் மேல் டேப் சுற்றி உள்ளே விட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே புது உதட்டைக் கிழிக்கும். ஆயில் 80டபிள்யூ-90, ஜிஎல்-5தான் பொதுவாகப் போகும், மேனுவலையும் ஒரு பார்வை பாருங்கள். ஊற்றும் ஓட்டையின் கீழ் விளிம்பைத் தொட்டதும் நிறுத்துங்கள். வெளியே எம்-சீல் அப்பும் வேலை சுத்தமாக வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கில் அது ஒட்டவே ஒட்டாது.

காட்டு வழியில் நடுவே இப்படி ஆனால் டூ வீலுக்கு மாறுங்கள். மவுண்ட் அறுந்திருந்தால் டிஃபரன்ஷியலை ராட்சட் பெல்ட்டில் சட்டத்தோடு இறுக்கிக் கட்டி, மெதுவாக இறங்கலாம். பினியன் ஆடினால், பார்ட் டைம் ஃபோர் வீல் வண்டியில் (வேண்டும்போது மட்டும் ஃபோர் வீல் போடும் வண்டி) முன் ஜாயிண்ட் ஷாஃப்ட்டைக் கழற்றி வண்டிக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் பக்கத்து டிரைவ் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள், பல வண்டிகளில் சக்கரத்தின் ஹப் பேரிங்கைச் சேர்த்துப் பிடித்திருப்பதே அதன் நட்டுதான். ஃப்ரீ வீல் ஹப் (முன் சக்கரத்தை ஆக்ஸிலிலிருந்து விடுவிக்கும் பூட்டு) இல்லாத வண்டி என்றால் டூ வீலிலும் முன் கிரவுன் சுற்றிக்கொண்டிருக்கும், ஆயில் இல்லாமல் ஓடக் கூடாது. ஒரு லிட்டர் கிரவுன் ஆயிலும் கைப்பம்பும் வண்டியிலேயே கிடக்கட்டும். அதுவும் இல்லையென்றால் ஊர் வந்து சேரும் வரை இன்ஜின் ஆயிலாவது ஊற்றுங்கள், பட்டறைக்கு வந்ததும் முதல் வேலையாக வடித்துவிட வேண்டும்.

அப்புறம் ஒன்று, தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டும் பழக்கம் இருந்தால் விடுங்கள். சென்டர் டிஃபரன்ஷியல் (முன், பின் ஆக்ஸில்கள் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரன்ஷியல்) இல்லாத வண்டியில் வளைவில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கும், மண்ணில் டயர் வழுக்கி விட்டுக்கொடுக்கும், தாரில் விட்டுக்கொடுக்காது. புது போல்ட், புது சீல் எல்லாம் போட்டாலும் முதல் சேற்றுப் பயணம் முடிந்ததும் டார்க் ரெஞ்சை மறுபடி வைத்துப் பாருங்கள்.