மார்பக இம்ப்ளான்ட்: 'எத்தனை சிசி' என்று தொடங்காதீர்கள்

நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் மார்பகத்துக்குள் இம்ப்ளான்ட் (செயற்கைப் பை) வைக்க ஆலோசனைக்கு வரும் பெண்கள் பலர் மனதில் ஒரு எண்ணோடுதான் வருகிறார்கள். "தோழிக்கு 350 வச்சாங்க டாக்டர், எனக்கும் அதே போதும்." கவலை என்னவென்றால், இத்துறைக்குப் புதிதாக வரும் மருத்துவர்களும் அந்த எண்ணையே பிடித்துக்கொள்கிறார்கள்.

அகலத்தை அளக்காமல் சிசியை முடிவு செய்வது

சிசி (கன சென்டிமீட்டர்) வெறும் கொள்ளளவு. ஒரே படி அரிசியைத் தாம்பாளத்திலும் கொட்டலாம், செம்பிலும் கொட்டலாம். 300 சிசி இம்ப்ளான்டும் அப்படித்தான்: தட்டையான வகையில் அடி அகலம் 13 செ.மீ.யை ஒட்டியும், முன்னே கூடுதலாக உந்தும் வகையில் 11 செ.மீ.யை ஒட்டியும் இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் இது சற்று மாறும்.

முதலில் காலிப்பரால் (அகலம் அளக்கும் கருவி) மார்பகத்தின் அடி அகலத்தை அளக்க வேண்டும். பிறகு உள்பக்கமும் வெளிப்பக்கமும் தோல் மடிப்பைக் கிள்ளி அளந்து, இரண்டையும் கூட்டி, அதில் பாதியை அடி அகலத்திலிருந்து கழிக்க வேண்டும். அகலம் 12.5, கிள்ளல் 1-ம் 2-ம் என்றால் இம்ப்ளான்ட் 11 செ.மீ. அந்த அகலத்துக்குள் கிடைக்கும் சிசிதான் அவருக்கான சிசி.

இதை மீறினால் வெளிப்பக்கம் அக்குளை நோக்கித் தள்ளும், கை உரசும். உள்பக்கம் கூடுதலாகப் பிரித்தால் இரு மார்பகமும் நடுவில் ஒட்டினாற்போல் ஆகும். பக்கவாட்டு நரம்பு இழுபட்டு முலைக்காம்பின் உணர்வு மங்கும். தோல் மெலியும். மறு அறுவையில் இம்ப்ளான்ட் இருக்கும் உட்குழியைத் தைத்துச் சுருக்கலாம். ஆனால் மெலிந்த திசு திரும்ப வராது. கையில் ஒரு காலிப்பர் இருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய சேதம் இது. இன்றும் இதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

மார்புத் தசைக்கு மேலா, கீழா: தொழிலைக் கேட்காமல் முடிவெடுப்பது

மேல்பகுதியைக் கிள்ளும்போது 2 செ.மீ.க்குக் குறைந்தால் தசையின் மறைப்பு வேண்டும், அதாவது இம்ப்ளான்டைத் தசைக்குக் கீழே வைக்க வேண்டும். இல்லையேல் விளிம்பும் சுருக்கமும் வெளியே தெரியும். ஆனால் தசைக்குக் கீழே வைத்தால், மார்புத் தசை இறுகும்போதெல்லாம் இம்ப்ளான்ட் மேலும் பக்கவாட்டிலும் நகரும். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் பெண்ணுக்கு அது அன்றாடத் தொந்தரவு. திசு போதுமானால் தசைக்கு மேலே வைப்பதே அவருக்கு நல்லது.

சலைன், சிலிகான்

சலைன் (உப்புநீர் நிரப்பிய வகை) கசிந்தால் சில நாளிலேயே வற்றிவிடும், கண்ணுக்குத் தெரியும். மெலிந்தவர்களுக்குச் சுருக்கம் அதிகம். சிலிகான் ஜெல் இயல்பாக இருக்கும். கிழிந்தாலோ சத்தமே இருக்காது. அறிகுறி இல்லாவிட்டாலும் 5-6 ஆண்டில் முதல் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட், பிறகு 2-3 ஆண்டுக்கு ஒருமுறை என்பது 2020-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தந்த பரிந்துரை. அந்தச் செலவையும் முதல் நாளே கணக்கில் சேர்க்க வேண்டும்.

சொரசொரப்பான மேற்பரப்பு

அரிய லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) ஒன்றோடு தொடர்பு தெரிந்து, அலர்கன் நிறுவனம் 2019-இல் பயோசெல் என்ற சொரசொரப்பான வகையை உலகெங்கும் திரும்பப் பெற்றது. ஏற்கெனவே வைத்திருப்பவர் தொந்தரவில்லாதபோது அகற்ற ஓட வேண்டாம். ஆண்டுகள் கழித்துத் திடீரென வீங்கினால், அந்த நீரை எடுத்துப் பரிசோதித்தே ஆக வேண்டும்.

கதிர்வீச்சு சிகிச்சையை மறப்பது

புற்றுநோய்க்கு மார்பகம் அகற்றிவிட்டுத் திருவனந்தபுரத்தில் சிகிச்சை தொடரும் பெண்கள் இங்கே நிறைய. கதிர்வீச்சு பட்ட இடத்தில் இம்ப்ளான்டைச் சுற்றி உடல் உருவாக்கும் உறை இறுகும் வாய்ப்பு கூடுதல். வயிறு, முதுகுத் திசுவால் செய்யும் சீரமைப்பையும் அவர்களிடம் பேசியாக வேண்டும்.

அட்டை

மாடல், அளவு, வரிசை எண் உள்ள அட்டையை வாங்காமல் வீடு திரும்பாதீர்கள். மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்குமுன் அதைக் காட்டுங்கள்.