ஈஸ்டில் மனித அடினோசின் ஏற்பி: மலை ஊர் ஆய்வகத்துக்கான செய்முறை

நீலகிரித் தேநீரின் கஃபீன் தூக்கத்தை விரட்டுவது, மூளைச் செல்களின் பரப்பிலுள்ள அடினோசின் ஏற்பிகளை அடைத்துக்கொள்வதால்தான். அந்தக் குடும்பத்து ஏ2பி ஏற்பியை ஈஸ்டில் வைத்தால், மனிதச் செல் வளர்க்கும் வசதி இல்லாத ஊட்டி, கோத்தகிரி கல்லூரிகளிலும் இதைச் சோதிக்கலாம்.

ரொட்டி ஈஸ்ட் உதவாது. ஈஸ்டின் சொந்த ஏற்பி ஸ்டீ2-வும், சமிக்ஞை வந்ததும் செல் பிரிவதை நிறுத்தும் ஃபார்1-உம் நீக்கப்பட்ட வகை வேண்டும். ஏற்பியின் சமிக்ஞையைச் செல்லுக்குள் கடத்தும் ஈஸ்டின் ஜி-புரதமான ஜிபிஏ1-இன் கடைசி 5 அமினோ அமிலங்கள் மனித ஜி-புரதத்துக்கு உரியவையாக மாற்றப்பட்டிருக்க வேண்டும். ஹிஸ்3 மரபணு, சமிக்ஞை வரும்போது இயங்கும் ஃபஸ்1 முன்னியக்கியின் (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதி) கீழ் இருப்பதால், சமிக்ஞை வந்தால்தான் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் உருவாகும், செல் வளரும். மரபு மாற்றிய உயிரி என்பதால் கல்லூரியின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் முதலில் அனுமதி வாங்குங்கள்.

ஊடகம். லிட்டருக்கு ஈஸ்ட் நைட்ரஜன் பேஸ் 6.7 கிராம், லியூசினும் ஹிஸ்டிடினும் இல்லாத அமினோ அமிலக் கலவை (லியூசினை விடுவது, ஏ2பி மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட், அதாவது டிஎன்ஏ வளையம், உள்ள செல்கள் மட்டும் வளர), பிஹெச்சை நிலையாக வைக்கும் 50 மில்லிமோலார் மாப்ஸ், பிஹெச் 6.8. இந்த பிஹெச் முக்கியம்: வழக்கமான ஈஸ்ட் ஊடகம் அமிலத்தன்மை கொண்டது, மனித ஏற்பிக்கு அது ஒத்துவராது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம் என்பதால் ஆட்டோகிளேவில் முள் 15 பவுண்டு காட்டினாலும் உள்ளே 117 டிகிரி அளவுதான் இருக்கும். 15 நிமிடம் போதாது, 40 நிமிடம் வையுங்கள். குளுக்கோஸை (20 கிராம்) அத்தனை நேரம் வேகவைத்தால் பழுப்பாகிவிடும். தனியே கரைத்து 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்துச் சேருங்கள்.

முதல் நாள். லியூசின் மட்டும் இல்லாத ஊடகத்தில் 30 டிகிரியில் இரவு முழுக்கக் குலுக்கி வளருங்கள். மேசைமேல் விட்டால் மலைக்குளிரில் மறுநாள் காலையிலும் கலங்காது.

இரண்டாம் நாள். செல்களை மலட்டு நீரில் இருமுறை கழுவுங்கள். ஒட்டிய ஹிஸ்டிடின் கொஞ்சம் மிஞ்சினாலும் எல்லாக் குழியும் வளர்ந்துவிடும். ஒளி அடர்த்தி (600 நானோமீட்டரில் அளக்கும் கலங்கல்) 0.02-க்கு நீர்த்து, ஹிஸ்3 நொதியை அடக்கும் அமினோடிரையசோலை 5 மில்லிமோலார் (கையுறை கட்டாயம்) சேருங்கள். நீகா (அடினோசினைப் போல ஏற்பியைத் தூண்டும் வேதிப்பொருள்) இல்லாத குழியும் கலங்கினால் 10-க்கு உயர்த்தலாம். 96 குழித் தட்டில் குழிக்கு 180 மைக்ரோலிட்டர் செல், 20 மைக்ரோலிட்டர் நீகா, வெவ்வேறு செறிவுகளில். நீகாவைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ இறுதியில் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஓரக்குழிகள் காய்ந்துவிடும், அவற்றில் நீர் மட்டும் விடுங்கள்.

24 முதல் 40 மணி நேரத்துக்குள் 600 நானோமீட்டரில் அளந்து, பாதி வளர்ச்சி தரும் நீகா அளவைக் கண்டுபிடியுங்கள். அடுத்த தட்டில் அதே அளவு நீகாவோடு கஃபீன் 10 மைக்ரோமோலாரிலிருந்து 1 மில்லிமோலார் வரை.

பலர் வழுக்கி விழும் இடம் இதுதான். அளவு கூடினால் கஃபீன் ஈஸ்டின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் டார் பாதையையும் அடக்கி வளர்ச்சியைக் குறைக்கும். பார்வைக்கு அது ஏற்பி அடைபட்டது போலவே தெரியும். அதனால் லிட்டருக்கு 20 மில்லிகிராம் ஹிஸ்டிடின் சேர்த்த இரட்டைத் தட்டு ஒன்றைக் கூடவே ஓட்டுங்கள்; அதில் ஏற்பியின் சமிக்ஞை இல்லாமலே செல் வளரும். அதிலும் வளர்ச்சி குறைந்த கஃபீன் அளவுகளை வரைபடத்திலிருந்து நீக்கிவிடுங்கள்.