பழைய எஸ்யூவி வாங்கும் முன் பார்க்க வேண்டிய கோளாறுகளும் அவை வைக்கும் செலவும்

பழைய எஸ்யூவியில் ஒரு பார்ட் என்ன விலை என்று கேட்பதற்கு முன், அதை எட்ட எதையெல்லாம் கழற்ற வேண்டும் என்று கேளுங்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் உள்ள ஆயில் சீல் உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் அது கசிந்தால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். பில்லில் சீலின் விலை ஒரு சின்ன வரி, மீதியெல்லாம் கூலி.

மாடலுக்கு மாடல் தொகை மாறும் என்பதால், ஒரு சாதாரண ஆயில் சர்வீஸுக்கு ஆகும் செலவை அளவுகோலாக வைத்துச் சொல்கிறேன்.

படி 1: இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள்

"நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். நான் ஒருமுறை சூடான இன்ஜினைப் பார்த்தே பணம் கொடுத்தேன். மூன்றே வாரத்தில் காலை நேரங்களில் வெள்ளைப் புகை, தினமும் குறையும் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்). இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட் போயிருந்தது.

முதலில் கூலண்ட் டேங்கின் மூடியைத் திறந்து பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது அதைத் திறக்கவே கூடாது, கொதிக்கும் நீர் முகத்தில் பீறிடும். உள்ளே எண்ணெய்ப் படலம் மிதந்தால் நல்லதல்ல. துரு நிறம் தெரிந்தால் பல வருடங்களாக வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கலாம். அடுத்து ஆயில் ஊற்றும் மூடியின் அடிப்பக்கம். அங்கே பால் கலந்த டீ நிறத்தில் குழம்பு ஒட்டியிருக்கிறதா? குளிர்காலத்தில் குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் ஈரப்பதத்தாலும் இது லேசாகப் படியும். அதனால் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கையும் உருவிப் பாருங்கள். அதிலும் ஆயில் வெளுத்திருந்தால் கூலண்ட் கலந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். குளிரில் முதல் சில நிமிடம் வரும் வெள்ளை ஆவியைப் பொருட்படுத்த வேண்டாம். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கூலண்ட் எரிகிறதோ என்று சந்தேகியுங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, அதற்குக் காரணம் பெரும்பாலும் டர்போ, வால்வு சீல், பிஸ்டன் ரிங் இவற்றில் ஒன்று. டீசலில் முடுக்கும்போது அடர்கறுப்பு வந்தால் ஏர் ஃபில்டர் அடைப்பில் தொடங்கி இன்ஜெக்டர் வரை பார்க்க வேண்டும். ஏர் ஃபில்டர் சில்லறைச் செலவு, இன்ஜெக்டர்கள் பல சர்வீஸ் செலவு.

ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமல் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் தளர்த்தி, ஓட்டையின் மேலேயே வைத்துப் பாருங்கள். லேசான ஆவி இயல்பு. மூடி துள்ளி, புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அது இன்ஜினை முழுவதும் பிரிக்கும் வேலை. எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

ஹெட் கேஸ்கெட்டிலும் கேஸ்கெட்டின் விலை சிறிதுதான். ஹெட்டைக் கழற்றி, வளைந்திருந்தால் லேத் பட்டறையில் மட்டம் பிடித்து, பல இன்ஜின்களில் புது ஹெட் போல்ட்டும் போட வேண்டும். வி6 என்றால் ஹெட்டே இரண்டு.

படி 2: டைமிங் பெல்ட்டின் பில்லைக் கேளுங்கள்

பிஸ்டனின் ஓட்டத்துக்கு ஏற்ப வால்வுகளைத் திறந்து மூட வைப்பது சில இன்ஜின்களில் செயின், சிலவற்றில் பெல்ட். பெல்ட் என்றால் பொதுவாக 60,000 முதல் 1,50,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வார்கள். ஓடாமல் நின்றாலும் வயதுக்கணக்கு உண்டு. அது அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வுகளை இடித்து வளைத்துவிடும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்குப் போடுங்கள். அந்த பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுழற்றுகிறது என்றால் இரண்டையும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோடு சேர்த்தே மாற்றுங்கள். ஒரே கூலியில் முடியும்.

படி 3: ஓட்டிப் பாருங்கள்

நான்காவது கியரில் மிதமான வேகத்தில் போய் ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வண்டி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. பல டீசல் எஸ்யூவிகளில் இன்ஜின் அதிர்வைக் குறைக்கும் டூயல் மாஸ் ஃப்ளைவீலும் தேய்ந்திருக்கும். ஐடிலில் கடகட சத்தமும் ஆஃப் செய்யும்போது உதறலும் அதற்கு அடையாளம். இரண்டையும் எட்ட கியர்பாக்ஸை இறக்க வேண்டும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் அதோடு, முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் இறக்க வேண்டியிருப்பதால் கூலி இன்னும் ஏறும்.

டிரைவிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது 'டக்' என்று அடித்தால் பெரும்பாலும் சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டான கிராஸ் தேய்ந்திருக்கும். அது சிறிய வேலை. வேகத்தோடு கூடும் ரீங்காரம், வளைவில் திரும்பும்போது கூடிக் குறைந்தால் வீல் பேரிங். எந்தப் பக்கம் திரும்பினாலும் மாறாமல் ஒலித்தால், இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியலையும் சந்தேகியுங்கள். அது பெரிய வேலை.

ஃபோர் வீல் டிரைவை மண் அல்லது சரளைத் தரையில் போட்டுப் பாருங்கள். முன், பின் அச்சுகளுக்கு நடுவே சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டிகளில் காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போட்டுத் திருப்பினால் பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வகை என்றால் நான்கு டயரும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

படி 4: அடியில் குனிந்து பாருங்கள்

லிங்க் ராடு, புஷ், பால் ஜாயிண்ட் எல்லாம் பழைய வண்டியில் தேயத்தான் செய்யும். ஒவ்வொன்றும் ஒரு சர்வீஸ் செலவைச் சுற்றியே இருக்கும், பேரம் பேச உதவும், அவ்வளவுதான்.

வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் துரு அப்படியல்ல. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டிய இடத்தில் மந்தமாகச் சத்தம் வந்தால் உலோகம் அரித்திருக்கலாம். அடியில் மட்டும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் அதற்கடியில் என்ன இருக்கிறது என்று மெக்கானிக்கை வைத்துப் பார்க்காமல் நகராதீர்கள்.

படி 5: கணக்குப் போடுங்கள்

கண்ட குறைகளை இரண்டு பட்டியலாக எழுதுங்கள்: வெளியிலிருந்தே கழற்றி மாட்டக்கூடியவை, இறக்கிப் பிரிக்க வேண்டியவை. முதல் பட்டியலை வாங்கிய பிறகு மெதுவாகச் செய்யலாம், பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் தவிர. இரண்டாவது பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் பார்ட் தனி, கூலி தனி என்று மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் விலை பேசப் போக வேண்டும்.