முதல் ஏர் பிஸ்டல் போட்டிக்குப் போகிறீர்களா? டெல்லித் தமிழர்களுக்கு ஒரு செய்முறை

காற்றழுத்தத்தால் சுடும் ஏர் பிஸ்டலோடு துப்பாக்கி சுடும் ரேஞ்சில் சில மாதம் பயிற்சி எடுத்தாயிற்று. குறி அட்டையில் குண்டுகள் ஓரளவு நடுவிலேயே விழுகின்றன. ஆனாலும் போட்டி என்றதும் "இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே" என்று தள்ளிப் போடுகிறோம். தள்ளிப் போடாதீர்கள். போட்டியில் சுடுவதைப் போட்டியில்தான் கற்க முடியும். பெயர் கொடுப்பது முதல் கடைசிக் குண்டு வரை நடப்பதை வரிசையாகச் சொல்கிறேன். ஏர் ரைஃபிள்காரர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. பெயர் கொடுப்பது

தேசிய அளவில் இந்த விளையாட்டை நடத்துவது 1951-ல் தொடங்கிய என்.ஆர்.ஏ.ஐ., அதாவது இந்திய தேசிய ரைஃபிள் சங்கம். அதன் கீழ் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சங்கம் உண்டு. டெல்லியில் இருப்பவர்கள் ஏதாவது ஒரு கிளப் வழியாகவோ நேரடியாகவோ டெல்லி மாநிலச் சங்கத்தை அணுக வேண்டும். ஆதார், பிறந்த தேதிச் சான்று, புகைப்படம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். வயதுப் பிரிவு பிறந்த தேதியை வைத்துத்தான் முடிவாகும். படிவத்தில் எந்தப் பிரிவு, எந்தப் போட்டி என்பதைப் பயிற்சியாளரோடு உட்கார்ந்து நிரப்புங்கள். பிறகு மாற்றுவது சிரமம்.

2. துப்பாக்கியும் மற்றதும்

சொந்தமாக வாங்கித்தான் ஆகவேண்டும் என்றில்லை. பல ரேஞ்சுகளில் கிளப் துப்பாக்கி கிடைக்கும். முதல் போட்டிக்கு அதுவே போதும், ஆனால் பழகிய அதே துப்பாக்கியாக இருக்கட்டும். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூல் (joule) அளவைத் தாண்டாத ஆற்றலும் உள்ள ஏர்கன்னுக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. சொந்தத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை மெட்ரோவில் கொண்டுபோக நினைக்காதீர்கள். பெட்டியில் பூட்டி, ஆட்டோவிலோ காரிலோ எடுத்துப் போங்கள்.

போட்டிக்கு முன் துப்பாக்கியைச் சோதிப்பார்கள். பிஸ்டலின் எடை 1.5 கிலோவைத் தாண்டக் கூடாது. ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். எடைக்கட்டியைத் தொங்கவிட்டே பார்ப்பார்கள். ரைஃபிளுக்கு உச்சவரம்பு 5.5 கிலோ. காற்று சிலிண்டர்மேல் தேதி பொறித்திருக்கும், அது காலாவதி ஆகாமல் இருப்பது உங்கள் பொறுப்பு. ஜீன்ஸும் ராணுவப் புள்ளி போட்ட உடையும் வேண்டாம். சாதாரண டிராக் பேண்ட், டி-ஷர்ட், தட்டையான அடிப்பாகம் உள்ள ஷூ போதும்.

3. வீட்டில் செய்ய வேண்டியது

பெல்லட் (ஏர்கன்னில் போடும் சிறு குண்டு) இல்லாமல், வெள்ளைச் சுவரைப் பார்த்து ஹோல்டிங், அதாவது துப்பாக்கியை நீட்டிப் பிடித்து நிற்பதைப் பழகுங்கள். சுவரில் குறி எதுவும் வேண்டாம். கண்ணுக்குத் தெரிய வேண்டியது குறிபார்க்கத் துப்பாக்கிமேல் உள்ள முன்சைட்டும், நடுவில் பிளவுள்ள பின்சைட்டும் மட்டும்தான். முன்சைட்டின் இருபுறமும் ஒரே அளவு வெளிச்சம் இருக்கிறதா, மேல்விளிம்புகள் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ரேஞ்சிலும் கண் முன்சைட்டில்தான் இருக்க வேண்டும், குறி மங்கலாகத்தான் தெரியும். புதியவர்கள் பலர் கறுப்பு வட்டம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கண்ணை அங்கே ஓட்டுகிறார்கள். அந்த நொடியில் சைட் கோணம் கெட்டு, குண்டு எட்டுப் புள்ளி வளையத்துக்கோ ஏழுக்கோ போய்விடுகிறது.

ஏர் பிஸ்டல் அட்டையில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு சட்டைப் பொத்தான். ரைஃபிளில் அது வெறும் 0.5 மில்லிமீட்டர். 10 மீட்டர் தள்ளி நின்று ஒரு கையால் பிஸ்டலைப் பிடிக்கும்போது கையில் ஆட்டம் இருந்தே தீரும். ஆட்டத்தை நிறுத்தப் போராடாமல், அந்த ஆட்டத்துக்குள்ளேயே ட்ரிகரை மெதுவாக இழுத்து முடிக்கப் பழகுங்கள்.

இன்னொன்று, எனக்கு மிக முக்கியமாகப் படுவது: சுடாமல் இறக்குவது. துப்பாக்கியைத் தூக்கி, மூச்சை அடக்கி, பத்து நொடிக்குள் குண்டு போகவில்லை என்றால் கையைக் கீழே கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட வேண்டும். வீட்டுப் பயிற்சியிலேயே வேண்டுமென்றே சில தடவை இப்படி இறக்குங்கள். போட்டியில் கெட்ட மதிப்பெண் பெரும்பாலும் "இவ்வளவு நேரம் பிடித்துவிட்டோமே" என்று அடம்பிடித்துச் சுட்ட குண்டில்தான் வருகிறது.

4. போட்டி நாள்

டெல்லியில் பெரிய போட்டிகள் துக்ளகாபாத்தில் உள்ள டாக்டர் கர்ணி சிங் ரேஞ்சில் நடக்கின்றன. 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டப்பட்டது அது. ஊரின் தென்கோடியில் இருப்பதால் மயூர் விஹாரில் இருந்தோ கரோல் பாக்கில் இருந்தோ வருபவர்கள் கூடுதல் நேரம் வைத்துக் கிளம்புங்கள். குளிர்காலக் காலையில் விரல் மரத்துப் போயிருக்கும். ட்ரிகர் விரலில் உணர்வு வரும்வரை கையை ஜாக்கெட் பையில் வைத்துச் சூடாக்குங்கள். வயிற்றுக்கு இட்லி மாதிரி லேசாக ஏதாவது போதும். வழக்கமாகக் குடிக்காதவர்கள் அன்றைக்கு மட்டும் காபி குடிக்க வேண்டாம், கை நடுங்கும்.

உங்கள் டீடெய்ல் (ஒரே நேரத்தில் சுடும் குழு) எது, எத்தனையாவது ஃபயரிங் பாயிண்ட் (நின்று சுடும் இடம்) என்பதைப் பட்டியலில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. ஃபயரிங் லைனில்

அழைத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். துப்பாக்கிக் குழலில், அது காலி என்று காட்டும் பாதுகாப்புக் கொடி இருக்கட்டும், குழல்வாய் எப்போதும் குறிப் பக்கமே பார்க்கட்டும். இதில் தவறினால் போட்டியிலிருந்தே வெளியேற்றலாம். போனை அணைத்துப் பையில் வைத்துவிடுங்கள்.

முதல் 15 நிமிடம் தயாரிப்புக்கும், சைட்டர் எனப்படும் சோதனைக் குண்டுகளுக்கும். எத்தனை சைட்டர் வேண்டுமானாலும் சுடலாம், கணக்கில் சேராது. குண்டுகள் ஒரே இடத்தில் கூடி, ஆனால் நடுவிலிருந்து விலகி விழுந்தால் சைட்டைத் திருகுங்கள். சிதறி விழுந்தால் சைட்டைத் தொடாதீர்கள், பிரச்சினை பிடிப்பில் இருக்கிறது.

"மேட்ச் ஃபயரிங், ஸ்டார்ட்" என்று குரல் வந்த பிறகு சைட்டர் கிடையாது. இனி 60 குண்டு, மின்னணுக் குறி என்றால் 75 நிமிடம், அட்டை என்றால் 90 நிமிடம். மின்னணுக் குறியிலேயே ஒரு குண்டுக்கு 75 நொடி வருகிறது. அவசரப்பட ஒன்றுமே இல்லை. பக்கத்தில் நிற்பவர் வேகமாகச் சுடலாம், அது அவர் வழி. ஒரு சீரிஸ் பத்து குண்டு. சீரிஸ் முடிந்ததும் உட்கார்ந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க நேரம் தாராளமாக இருக்கிறது.

பெல்லட் போடாமல் காற்றை விட்டுவிட்டால் அது தவறிய குண்டாகவே எண்ணப்படும். பக்கத்து லேன் குறியில் விழுந்தாலும் அப்படியே. எனவே ஒவ்வொரு தடவையும் தூக்குவதற்கு முன் லேன் எண்ணை ஒரு பார்வை பாருங்கள். துப்பாக்கி கோளாறு செய்தால் நீங்களே நோண்டாமல், குழலைக் குறிப் பக்கம் வைத்தபடி கையை உயர்த்துங்கள், ரேஞ்ச் அதிகாரி வருவார். பயிற்சியாளர் பின்னாலிருந்து பேசக் கூடாது. அவரிடம் கேட்டே ஆகவேண்டும் என்றால் துப்பாக்கியைக் காலியாக்கி, கொடி போட்டு, அதிகாரியிடம் சொல்லிவிட்டுப் பின்னால் போய்ப் பேசலாம்.

ஆறு போட்டுவிட்டால்? அது போனது போனதுதான். அடுத்த குண்டில் அதைச் சரிக்கட்ட முடியாது, பத்துக்கு மேல் பிஸ்டலில் மதிப்பெண்ணே இல்லை. உச்சம் 600. ரைஃபிளில் தசமக் கணக்கு, ஒரு குண்டுக்கு 10.9 வரை, மொத்தம் 654.0. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இந்த 10 மீட்டர் ரைஃபிளில்தான்.

6. முடிந்த பிறகு

"ஸ்டாப், அன்லோட்" வந்ததும் காலியாக்கிக் கொடி போடுங்கள். அதிகாரி பார்த்துச் சரி சொல்லும்வரை பெட்டியில் வைக்காதீர்கள். மதிப்பெண் பட்டியல் ஒட்டியதும் சீரிஸ் வாரியாக எழுதிக்கொள்ளுங்கள், சந்தேகம் இருந்தால் முறையிடக் கொடுத்த நேரத்துக்குள்ளேயே கேளுங்கள். எந்த சீரிஸில் இறங்கியது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை அன்றே நோட்டில் எழுதுங்கள். அப்புறம், பெல்லட் ஈயத்தால் ஆனது. சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள்.