ஃபிலிம் ரோலில் நிச்சயதார்த்த ஜோடிப் படம்: நெல்லைப் பக்கம் நாம் செய்யும் தவறுகள்

கேமராவில் படம் எண்ணும் கவுண்டர் 36-ஐத் தாண்டி 37, 38 என்று போய்க்கொண்டிருந்தது. குறுக்குத்துறைப் படித்துறையில் பெண்ணும் மாப்பிள்ளையும் அப்போதுதான் கூச்சம் தெளிந்து, ஆற்றில் காலை நனைத்தபடி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது. 36 படம் வரும் ரோலில் ஒன்றிரண்டு கூடுதலாகக் கிடைப்பது சகஜம்தான். 40 கிடைக்குமா? கிடைக்காது. ரோலின் நுனி உள்ளே சுருளில் மாட்டவே இல்லை. ஒரு மணி நேரமாக ஒரே இடத்தில் நின்ற ஃபிலிமை வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

விஷயத்தைச் சொல்லி, புது ரோல் போட்டு, மறுபடி சிரிக்கச் சொன்னேன். சிரித்தார்கள், போட்டோவுக்குச் சிரிக்கிற சிரிப்பு.

'அப்பா அம்மா ஆல்பம் மாதிரி வேணும்' என்று கேட்டு வருகிற ஜோடிகள் இப்போது அதிகம். அந்த ஆல்பத்தின் நிறமும் மென்மையும் ஃபிலிமிலிருந்து வருகின்றன, சரி. ஆனால் அதில் இருப்பவர்கள் சாவகாசமாகத் தெரிவதற்குக் காரணம் ஃபிலிம் மட்டும் இல்லை. கேமராவோடு மல்லுக்கட்டுகிறவன் முன்னால் யாராலும் இயல்பாக நிற்க முடியாது. நம்முடைய படபடப்பு எல்லாம் முந்தின வாரமே முடிந்திருக்க வேண்டும். கீழே சொல்லும் தவறுகளில் பாதி, படம் எடுக்கும் நாளுக்கு முன்னால் நடப்பவை.

முதலில் என் கதைக்கே வருகிறேன். ரோலைப் போட்டு மூடியபின், ரீவைண்ட் குமிழை அம்புக்குறிப் பக்கம் மெல்லத் திருப்பித் தொய்வை எடுங்கள். பிறகு ஃபிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளும்போது அந்தக் குமிழும் தானாகச் சுற்ற வேண்டும். சுற்றினால் ஃபிலிம் நகர்கிறது. கவுண்டரை நம்பாதீர்கள், ஃபிலிம் மாட்டாவிட்டாலும் அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போகும். இதன் மறுபக்கத் தவறும் உண்டு: ரோல் முடிந்ததும் ஃபிலிமை அதன் டப்பாவுக்குள் திருப்பிச் சுற்றிக்கொள்ளாமல் பின்கதவைத் திறந்துவிடுவது. டிஜிட்டலில் பழகிய கைக்கு இது சுலபமாக வரும்.

அடுத்தது பீரோவில் கிடந்த கேமரா. மாமா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த பழைய கேமராவை எடுத்துத் துடைத்து, புது பேட்டரி போட்டு, நேராக ஜோடிப் படத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பின்கதவு ஓரத்தில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் கறுப்பு ஸ்பாஞ்ச் 30 வருடத்தில் தார் மாதிரி ஒட்டும் பிசினாகியிருக்கும். அந்த வழியாக வெளிச்சம் கசிந்து படத்தில் ஆரஞ்சுக் கோடு விழும். அதுவும் ஒரு அழகுதான் என்பவர்கள் இருக்கிறார்கள். 36 படத்திலும் பெண்ணின் நெற்றியில் விழுந்தால் அழகா என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஒரு ரோல் முழுக்க வீட்டாரை எடுத்து, கழுவிப் பார்த்துவிட்டு அந்தக் கேமராவை நம்புங்கள். பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2, எஃப்எம்10 போன்றவற்றில் பேட்டரி செத்தாலும் ஷட்டர் ஓடும், வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் மட்டும்தான் படுக்கும். பல வீடுகளில் இருந்த யாஷிகா எம்எஃப்-2-இல் ஃபோகஸைத் திருப்பவே முடியாது. பக்கத்தில் போய் முகத்தை மட்டும் எடுத்தால் மங்கும். அதற்கேற்ற தூரத்தில் நின்று எடுப்பதானால் குற்றமில்லை.

வேட்டி செய்யும் வேலை

எல்லாவற்றிலும் பெரிய தவறு மீட்டர் சொன்னதை அப்படியே கேட்பது. கேமராவில் இருக்கும் மீட்டருக்கு வேட்டி தெரியாது, முகம் தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கணக்குப் போடும். மாப்பிள்ளை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வெயிலில் நிற்கிறார். மீட்டர் அத்தனை வெள்ளையையும் பார்த்துவிட்டு 'வெளிச்சம் அதிகம், குறை' என்கிறது. நாம் குறைக்கிறோம். வேட்டி அழுக்குச் சாம்பலாகவும், நம் ஊர் மாநிறம் கரியாகவும் பதிகிறது. டிஜிட்டல் என்றால் திரையில் பார்த்துத் திருத்தியிருப்போம். இங்கே பத்து நாள் கழித்துத்தான் தெரியும்.

கலர் நெகட்டிவ் ஃபிலிம் கூடுதல் வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் வரை சலிக்காமல் தாங்கும் (ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரண்டு மடங்கு). குறைவைத் தாங்காது. நிழல் பகுதி சேறு மாதிரி கலங்கி, மணல் மணலாகக் குருணை தெரியும். ஆகவே டிஜிட்டலில் வெள்ளை விவரமில்லாமல் வெளுத்துவிடுமோ என்று கொஞ்சம் குறைத்தே எடுத்துப் பழகிய பழக்கத்தை இங்கே தலைகீழாக்க வேண்டும். நான் செய்வது இது: ஜோடி நிற்கும் அதே வெளிச்சத்தில் என் உள்ளங்கையை நீட்டி, மீட்டரை அதில் மட்டும் பார்த்து, வரும் அளவிலிருந்து ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்வேன். உள்ளங்கை நடுத்தரச் சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் வெளுப்பு, அவ்வளவுதான் சூத்திரம். போர்ட்ரா 400 ரோலைப் (400 என்பது ஃபிலிமின் வேகம், எண் கூடினால் குறைந்த வெளிச்சம் போதும்) போட்டுக்கொண்டு மீட்டரில் 200 என்று வைத்து எடுப்பவர்களும் உண்டு, அதுவும் நல்லதே. ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்தால், மீட்டர் சொல்வதைவிட இரண்டு ஸ்டாப் கூடுதல் போகிறது என்பதை மறக்காதீர்கள். நெகட்டிவாக இல்லாமல் நேராகப் படமாகவே வரும் ஸ்லைடு ஃபிலிமுக்கு இந்தக் கூடுதல் பேச்சு பொருந்தாது. அதில் கூடுதல்தான் ஆபத்து.

மீட்டரே இல்லையென்றால் பழைய கணக்கு இருக்கிறது. நல்ல வெயிலில் லென்ஸின் திறப்பு எஃப்16, ஷட்டர் ஃபிலிமின் வேகத்துக்குப் பக்கத்தில், அதாவது 400 ரோலுக்கு 1/500. திறந்த வானத்தின் கீழ் உள்ள நிழலுக்கு அதே ஷட்டரில் எஃப்4. தோப்புக்குள் போனால் இன்னும் இரண்டு ஸ்டாப் திறக்க வேண்டிவரும்.

தோப்பு என்றதும் இன்னொன்று. ஆற்றங்கரை வாழைத்தோப்பு கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். அங்கே விழும் வெளிச்சம் இலைகளில் வடிகட்டி வருவதால் பச்சை. நம் மூளை அதைச் சரிசெய்துகொள்ளும், ஃபிலிம் செய்யாது. பெண்ணின் கன்னமும் மாப்பிள்ளையின் சட்டையும் சேர்ந்து பச்சையடித்து, இருவரும் மஞ்சள் காமாலையிலிருந்து எழுந்து வந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். தேரிக் காட்டுச் செம்மண்ணிலும் இதே கதை, அங்கே தாடைக்குக் கீழே சிவப்பு ஏறும். தோப்பைப் பின்னணியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஜோடியை விளிம்புக்குக் கொண்டுவந்து, முகம் வயல் பக்கம் திறந்த வானத்தைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். அதுவும் முடியாவிட்டால் எட்டு முழ வேட்டி ஒன்றை இரண்டு பேர் விரித்துப் பிடிக்கட்டும். மீட்டரை ஏமாற்றிய அதே வெள்ளை, முகத்துக்கு நல்ல வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும்.

மலைக்குப் பின்னால் போகும் சூரியன்

'சாயங்காலம் ஐந்தரைக்குப் பாபநாசத்தில் ஆரம்பிப்போம்' என்று திட்டம் போடுவது அடுத்த தவறு. மேற்கே மலை நிற்கிறது. கடிகாரப்படி சூரியன் மறைய நேரம் இருக்கும்போதே அது மலைக்குப் பின்னால் போய்விடும், பொன் வெயில் என்று ஒன்று வராமலே நிழல் விழுந்துவிடும். போதாக்குறைக்கு நாம் பூமத்திய ரேகைக்கு 9 பாகைகூடத் தள்ளி இல்லை. சூரியன் இங்கே சரிவாக இறங்காது, செங்குத்தாக விழும், அந்தி சீக்கிரம் இருட்டும். வெளிநாட்டு வீடியோவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு அம்பாசமுத்திரத்தில் அதைத் தேடக் கூடாது.

மலையடிவாரத்துக்குக் காலைதான் சரி. கிழக்கே சமவெளி திறந்து கிடக்கிறது, ஆறேகால் மணியிலிருந்து எட்டு வரை வெயில் நேராக மலை மேலும் முகத்தின் மேலும் விழும். மாலைதான் தோது என்றால் மலையிலிருந்து விலகி வாருங்கள்: உவரிக் கடற்கரை, ராதாபுரம் பக்கத்துக் காற்றாடிகள், பாளையங்கோட்டையின் பழைய தெருக்கள். வயல் பச்சை வேண்டுமென்றால் கார், பிசானம் இரண்டு பருவமும் எப்போது என்று பார்த்துத் தேதி குறிக்க வேண்டும். சித்திரையில் வந்து பச்சை எங்கே என்று கேட்டால் வெறும் தாள்தான் நிற்கும். குற்றாலச் சாரலில் எடுப்பதாக இருந்தால் 400-க்குக் குறைந்த ரோல் கொண்டுபோகாதீர்கள். மணிமுத்தாறு, மாஞ்சோலை, மேலே அகத்தியர் அருவி எல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறையிடம் முன்கூட்டிக் கேட்காமல் செக்போஸ்ட்டில் போய் நின்றால், ஜோடியின் உற்சாகம் அங்கேயே வடிந்துவிடும்.

ரோல் வாங்குவதில் இரண்டு பொறிகள். மலிவாகக் கிடைக்கிறது என்று சினிமா ஃபிலிமை வெட்டிச் சுற்றிய ரோலை வாங்கிவிடுவார்கள். அதில் பலவற்றின் பின்பக்கம் கரிப் பூச்சு இருக்கும். சாதாரணக் கலர் ரோல் கழுவும் சி-41 மெஷினில் போட்டால் அது கரைந்து மருந்தையும் மற்றவர்கள் ரோலையும் கெடுக்கும், லேப்காரர் உங்களை மன்னிக்க மாட்டார். அதற்கென்று ஈசிஎன்-2 முறை தெரிந்த லேப் வேண்டும். அதிலும் 500டி (500T) என்பது பல்பு வெளிச்சத்துக்கானது, பகலில் ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் நீலம் பூக்கும். இன்னொரு பொறி காலாவதி ரோல். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ரோல் கையில் கிடைத்தால் ஆசையாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. நம் ஊர் வெக்கையில் வருடக்கணக்காகக் கிடந்த ரோலில் மூட்டம் படிந்திருக்கும். அதில் படித்துறையை எடுங்கள், ஆட்டுக்குட்டியை எடுங்கள், திரும்பி வராத ஒரு காலையை எடுக்க வேண்டாம். கோடக் கோல்டு 200, போர்ட்ரா 400, கருப்பு-வெள்ளைக்கு இல்ஃபோர்டு எச்பி5 என்று புது ரோலாகப் போதும்.

வாங்கிய ரோலைக் கார் டேஷ்போர்டில் வைப்பதும் கெடுதிதான். ஃப்ரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இடம் கொடுங்கள், கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து, டப்பாவைத் திறக்காமல் சூடு சமமாக விடுங்கள். குளிர்ந்த ஃபிலிமில் நம் காற்று பட்டால் உடனே வியர்க்கும். கழுவ வெளியூருக்கு அனுப்பும்போது, விமானத்தில் போகிறவரிடம் கொடுத்தால் பெரிய பெட்டியில் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். கைப்பையைச் சோதிக்கப் புதிதாக வரும் சி.டி. (CT) வகை ஸ்கேனரும் ஒரே தடவையில் கழுவாத ரோலில் மூட்டம் போட்டுவிடும். கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஆச்சி கேட்ட கேள்வி

பெண்ணோடு துணைக்கு யாராவது வருவார்கள். அவர்களைத் தூரத்தில் நிறுத்திவிட்டால் வேலை சுலபம் என்று நினைப்பதும் தவறுதான். ஒருமுறை வந்த ஆச்சி, முதல் படம் எடுத்ததுமே, "ஏய்யா, எடுத்தத இங்கன காட்டு, பாப்போம்" என்றார். கழுவினாத்தான் ஆச்சி தெரியும் என்றேன். "அப்பம் நல்லா வந்திருக்குன்னு எப்பிடிச் சொல்லுத?" என்று ஒரே போடு. அந்த ஜோடி அன்று முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். எடுத்துவிட்டேன்.

படத்தை உடனே காட்ட முடியாது என்பதை ஜோடியிடம் முன்பே சொல்லாமல் விடுகிறவர்கள் பலர். சொல்லிவிட்டால் அதுவே வசதியாகிவிடும். திரை இல்லாததால் ஒவ்வொரு படத்துக்கும் ஓடிவந்து தலைமுடியைச் சரிபார்க்க மாட்டார்கள். பெரியவர்கள் பார்த்துப் பேசி முடித்த இடமாக இருந்தால் இருவரும் அதற்குமுன் இரண்டு மூன்று முறைதான் நேரில் பார்த்திருப்பார்கள். வந்ததும் 'கையைப் பிடிங்க, நெற்றியோடு நெற்றி வையுங்க' என்று ஆரம்பித்தால் இரண்டு மரக்கட்டைகள்தான் கிடைக்கும். முதல் அரை மணி நேரம் கேமரா தோளிலேயே கிடக்கட்டும். டீக்கடையில் உட்காருங்கள். பதநீர்க் காலமென்றால் பனையோலைப் பட்டையில் வாங்கிக் கொடுங்கள். பட்டையை இரண்டு கையாலும் பிடித்து, சட்டையில் சிந்தாமல் குடிக்கிற பாடு இருக்கிறதே, அப்போது யாருக்கும் போஸ் கொடுக்க நேரம் இருக்காது.

ரோல் தீர்ந்துவிடுமே என்ற பயத்தில் முதல் ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டிருந்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு மிச்சம் 20 படத்தைப் படபடவென்று தட்டுவதும் நடக்கும். இரண்டரை மணி நேரத்துக்கு மூன்று ரோல் தாராளம். இன்னொரு கேமராவில் டிஜிட்டலும் எடுக்கலாம், ஆனால் ஒரே காட்சியை இரண்டிலும் எடுக்க ஓடாதீர்கள். இரண்டுமே அரைகுறையாகும்.

கழுவக் கொடுக்கும்போது நிறத்தைப் பற்றி வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஸ்கேன் செய்கிறவர் பழக்கத்தில் முகத்தை வெளுப்பாக்கி அனுப்புவார், நம் ஆட்களில் பலர் கேட்பதும் அதைத்தானே. ஃபிலிம் கம்பெனிகளும் அப்படி இருந்தவைதான்: கோடக் லேப்களில் நிறம் சரிபார்க்க வைத்திருந்த 'ஷெர்லி' அட்டையில் பல பத்தாண்டுகளுக்கு இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். இன்றைய ஃபிலிம் மாநிறத்தை அழகாக வாங்குகிறது. அதை ஸ்கேனரில் துடைத்தெடுத்தால், அப்புறம் இவ்வளவு பாடு எதற்கு?

ஸ்கேன் வந்ததும் நெகட்டிவைக் கேட்காமல் விட்டால் சில இடங்களில் கொஞ்ச நாளில் எறிந்துவிடுவார்கள். திருப்பி வாங்கி, ஆறு ஆறு படமாக வெட்டி, பாலிப்ரொப்பிலீன் உறையில் போட்டு, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு ஜோடியிடமே கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது ஒன்று சொல்லுங்கள்: பட்டுச்சேலையோடு பீரோவில் வைப்பதானால் அந்துருண்டையை எடுத்துவிட்டு வைக்க வேண்டும்.